நாற்காலி இல்லாத பதவி

ஜனவரி 26, வெள்ளி

காலையில் முதல் வேலை, குளியல் துண்டோடு தன் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்ட ஒரு பெண். நாய்க்குட்டி வெளியே ஓடியதாம், பிடிக்கப் போனாளாம், கதவு தானாகச் சாத்திக்கொண்டதாம். தெருவெல்லாம் பனி. நான் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். துண்டு நழுவாமல் இருந்தது அவள் செய்த புண்ணியம்.

இரண்டாவது வேலைக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். வேனைத் தேர்தல் அலுவலகத்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் மனுத் தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்!

கவுண்டரில் இருந்த மனிதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எந்தப் பதவிக்கும்மா?"

"நிழல் பிரதிநிதி."

"சம்பளம் கிடையாது, தெரியும்ல?"

"தெரியும்."

"சபைக்குள்ள உக்காரவும் விட மாட்டாங்க."

"தெரியும்யா. தாளைக் குடுங்க."

இதோ மேசைமேல் இருக்கின்றன. மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன், காசு மாதிரி. எனக்கு ஐம்பத்தாறு வயது. வாஷிங்டனில் பிறந்து, வாஷிங்டனில் வளர்ந்து, இந்த ஊர்க் கதவுகளில் பாதியைத் திறந்தவள். வாக்குச்சீட்டில் வெர்னெல் டாக்கெட் என்ற பெயரைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. ஜெயிக்க வேண்டும். வெட்கப்படாமல் எழுதிவிட்டேன், இனி அழிக்க மாட்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அக்கா ஒலெட்டா எனக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறாள். ஈஸ்டர்ன் அவென்யூவில் என் பக்கம் எந்த மாநிலத்திலும் சேராத தலைநகர் வாஷிங்டன், அவள் பக்கம் மேரிலாந்து மாநிலம். நடுவில் ஒரு மஞ்சள் கோடு, அவ்வளவுதான். விவாகரத்துக்குப் பிறகு மலிவாக வீடு கிடைத்ததென்று கோட்டைத் தாண்டினாள். தாண்டியதும் வீட்டோடு சேர்த்து இரண்டு செனட்டர்களும் ஒரு பிரதிநிதியும் அவளுக்கு வந்து சேர்ந்தார்கள். என் ஜன்னலில் நின்றால் அவள் சமையலறை விளக்கு தெரிகிறது. அவள் வரிக்கும் என் வரிக்கும் அமெரிக்க அரசாங்கத்தில் ஒரே பெட்டிதான். ஆனால் நாடாளுமன்றமான காங்கிரசில் அவளுக்காக ஓட்டுப் போட ஆள் உண்டு, எனக்கு இல்லை.

கோழி இறக்கையை மம்போ சாஸில் தோய்த்தபடியே சொன்னாள்: "இல்லாத ஊருக்கு வழி கேக்குறவளைப் பாத்திருக்கேன். இல்லாத நாற்காலிக்கு ஓட்டு கேக்குறவளை இப்பத்தான்டி பாக்குறேன்."

"அது இல்லைங்கிறதாலதான்க்கா கேக்கணும்."

"எதுக்கு இந்தப் பாடு? என் பக்கத்து வீடு காலியாத்தான் இருக்கு. ரோட்டைத் தாண்டு. மறுநாளே உனக்கும் ரெண்டு செனட்டர். பூட்டு மாத்தற கூலிகூட உனக்கு மிச்சம்."

"நான் எதுக்குத் தாண்டணும்? அவங்க இந்தப் பக்கம் வரட்டும்."

"ஆமா, வருவாங்க. சிவப்புக் கம்பளம் விரிச்சு வை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பங்கு இறக்கைகளையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசல் வரை வந்தவள் என் கையிலிருந்த மனுத் தாளை வாங்கிப் பார்த்தாள். பேனாவால் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பேனா குளிர்ல எழுதாது. நல்லதா நாலு வாங்கு."

பிப்ரவரி 9

மெட்ரோ வாசலில் நின்று கையெழுத்து வேட்டை. வாக்குச்சீட்டில் பெயர் வர இரண்டாயிரம் கையெழுத்து வேண்டும். எல்லாரும் இந்த ஊரில் வாக்காளராகப் பதிந்தவர்களாக இருக்க வேண்டும், எங்கள் கட்சிக்காரர்களாக இருக்க வேண்டும். குளிரில் மூக்கு எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"நிழல் பிரதிநிதியா? பேயா பிசாசா?" என்றார் ஒருவர்.

"உள்ளே நமக்குன்னு ஒருத்தர் உக்காந்திருக்காங்க. பேசலாம், கடைசி ஓட்டு மட்டும் போட முடியாது. எங்களுக்கும் ஓட்டைக் குடு, மாநிலமாக்குன்னு வெளியே நின்னு கதவைத் தட்ட ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் நான்."

"தட்டினா திறப்பாங்களா?"

"திறக்கலைன்னா என்ன? நான் பூட்டுக்காரி."

சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்! அந்த நிமிடமே முடிவு செய்தேன். அட்டைகளில் இதைத்தான் அச்சடிக்கப் போகிறேன்: பூட்டிய கதவு எனக்குப் புதிதில்லை.

பிப்ரவரி 10

தொண்டை போய்விட்டது. சந்தோஷம் போகவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவேன்!

சர்ச்சில் ஆராதனை முடியும் நேரத்தில் எங்கள் சபையின் மூத்த ஊழியர் டீக்கன் லூஷியஸ் எழுந்து, "நம்ம சகோதரி டாக்கெட் நமக்காக நிக்கிறாங்க. கீழே ஹால்ல தாள் வச்சிருக்காங்க. கையெழுத்துப் போடாதவங்களுக்குப் பொரிச்ச கோழி கிடையாது" என்று அறிவித்தார். சபையே சிரித்தது. அறிவிக்கச் சொல்லி அவரை ஏவிவிட்டது யார் என்று பிறகுதான் தெரிந்தது. பாடகர் குழுவில் நின்றுகொண்டு, ஒன்றுமே தெரியாதவள் போலப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த என் அக்கா.

கீழே வரிசை படிக்கட்டு வரை நின்றது. என்னைச் சிறுமியாகப் பார்த்தவர்கள், என்னோடு படித்தவர்கள், என் கல்யாணத்துக்கு வந்தவர்கள், அது முறிந்தபோதும் வந்தவர்கள். "நம்ம வெர்னியா?" என்று கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். தாள்மேல் தாள் நிரம்பியது. மெட்ரோ வாசலில் இரண்டு வாரம் நடுங்கிச் சேர்த்ததை ஒரே மதியத்தில் சேர்த்துவிட்டேன். அக்காவே வரிசையை ஒழுங்குபடுத்தினாள், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. "தள்ளாதீங்க, பேனா நாலுதான் இருக்கு!"

வீட்டுக்கு வந்து தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்தால்தான் என்ன?

மார்ச் 21

தாள்களைக் கொடுத்தாயிற்று. தேவைக்கு மேலேயே இருக்கிறது. பெட்டியைத் தூக்கிய கவுண்டர்காரர், "கனமா இருக்கேம்மா" என்றார். அதைவிட இனிமையான வார்த்தையை எந்த ஆண்பிள்ளையும் என்னிடம் சொன்னதில்லை.

கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில் எனக்கு எதிரே ஒரே ஒருவன்தான்; இதில் ஜெயிப்பவர்தான் நவம்பரில் கட்சிக்காக நிற்பார். டெவின் ஆஷ்க்ராஃப்ட். முப்பத்திரண்டு வயது, மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தவன், ஆற்றோரக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருக்கிறான். சிரித்த முகம். பல்லெல்லாம் ஒரே அளவு.

ஏப்ரல் 2

போச்சு. எல்லாம் போச்சு.

அந்தப் பல்லழகன் என் கையெழுத்துகளுக்கு ஆட்சேபம் கொடுத்திருக்கிறான். ஃபோன் பண்ணி அவனே சொன்னான், அதுவும் எவ்வளவு மரியாதையாக! "தனிப்பட்ட முறையில எதுவும் இல்லைங்க மேடம். விதி இருக்கு, வக்கீல் பாத்தாரு, அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்! வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகு சொன்னதால் அவனுக்குக் கேட்டிருக்காது.

ஆனால் அவன்மேல் என்ன தப்பு? நான்தான் முட்டாள். சபையில் வாங்கிய தாள்கள்தான் பிரச்சினை. அந்தப் பக்கங்கள் முழுக்க, ஆட்சேபித்த பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஊரிலேயே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறார்கள், பாடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், திரும்ப மேரிலாந்துக்குப் போகிறார்கள். வாடகை ஏறி, வரி ஏறி, ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டியவர்கள். இந்த ஊரில் எட்டு வார்டு என்றால், மேரிலாந்தின் அந்தப் பகுதியை ஒன்பதாவது வார்டு என்று நாங்களே கேலி செய்வோம். எந்த ஊர் என்று கேட்டால் அவர்கள் இன்றைக்கும் "டி.சி." என்றுதான் சொல்வார்கள். தாளிலும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள், பழைய தெரு, பழைய கதவு எண்.

அன்றைக்குச் சபை வாசலில் நின்ற கார்களின் நம்பர் பிளேட்டைப் பார்த்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். நான் கோழி வாசனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அந்தப் பழைய வீடுகளில் பலவற்றுக்குப் புதுப் பூட்டுப் போட்டதே நான்தான். வீட்டை விற்று அவர்கள் போனார்கள், வாங்கியவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள், நான் போய்ப் பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வந்தேன். என்னோடு படித்த ஜோன்சி இப்போது அங்கே இல்லை, அவள் கதவை நான்தானே மாற்றினேன் என்று ஒரு தடவையாவது தோன்றியதா எனக்கு? ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்க்குச் சோறில்லை என்கிற கதையாகிவிட்டது.

ஏப்ரல் 3

தேர்தல் அலுவலகத்துக்குப் போய் விதியைக் கேட்டேன். ஒரு சந்து இருக்கிறது! கையெழுத்துப் போட்டவர் ஊரைவிட்டே போயிருந்தால் அது செத்த கையெழுத்து. ஆனால் ஊருக்குள்ளேயே வேறு வீட்டுக்கு மாறி, பதிவில் மட்டும் பழைய முகவரி இருந்தால், அவர் முகவரி மாற்றத் தாளை நிரப்பிக் கொடுத்தால் போதும், கையெழுத்து பிழைத்துக்கொள்ளும். பத்து நாள்கூட அவகாசமில்லை.

சபைக் கையெழுத்துகள் போக எனக்குக் கொஞ்சம்தான் குறைகிறது. ஊருக்குள் வீடு மாறியவர்களைத் தேடிப் பிடித்தால் போதும். வீடு மாறியவர்களைத் தேடுவது யாருக்கு முடியாவிட்டாலும் எனக்கு முடியும். யாருக்கு எந்தக் கதவு என்று இந்த மண்டைக்குள் இருக்கிறது.

சாயங்காலம் அக்கா வந்தாள். ஆட்சேபம் வந்த பக்கங்களின் நகலை மேசைமேல் பரப்பி வைத்திருந்தேன். குத்திக் காட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து முதலிலேயே நாலு வார்த்தை சொல்லக் காத்திருந்தேன். அவளோ குனிந்து தாளைப் பார்த்தாள். விரலை ஒரு வரிமேல் வைத்தபடி நின்றாள்.

ஒலெட்டா டாக்கெட். ஐம்பதாம் தெரு. நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் எண்.

"நீயுமா போட்டே?"

"வரிசையைப் பாத்துக்கிட்டு நின்னேன். யாரோ பேனாவைக் குடுத்தாங்க. போட்டேன்."

"அந்த வீட்டை வித்து எத்தனை வருஷமாச்சு? உனக்கு மேரிலாந்துல ஓட்டு இருக்கேக்கா."

"தெரியும்டி. கை எழுதிடுச்சு."

அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததேயில்லை. இரண்டு செனட்டர்களை வைத்துக்கொண்டு என்னைக் கேலி செய்கிறவள், கூச்சப்பட்டு நின்றாள். நான் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாக, "நீ போட்ட கையெழுத்து செத்தது, சகோதரி" என்றேன். "சீ, போடி" என்று தோளில் ஒரு அடி வைத்தாள். நல்ல அடி.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்று கேட்டாள்.

கிளம்பறோம் என்றாள்!

ஏப்ரல் 5

மழை. அக்கா வேனை ஓட்டுகிறாள், நான் ஓடுகிறேன்.

முதியோர் குடியிருப்பில் டீக்கன் லூஷியஸைப் பிடித்தோம். போன வருஷம்தான் அங்கே மாறினார். தன் கையெழுத்துச் செல்லாது என்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அம்பது வருஷமா இந்த ஊர்ல ஓட்டுப் போடறேன், என்னை இல்லைங்கிறானா?" தாளை நிரப்பினார். பிறகு தாழ்வாரம் முழுக்கக் கதவு தட்டி, அந்தக் கட்டடத்துக்கு மாறி வந்த நம் ஆட்கள் எல்லாரையும் செருப்போடும் சுருள் கட்டிய தலையோடும் வெளியே கூட்டிவந்துவிட்டார். எட்டுப் பேர்! ஒரே தாழ்வாரத்தில்! கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது.

ஏப்ரல் 7

ஒருவன் கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசினான். "போன தடவை ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டேன். கேபிள் கனெக்‌ஷன் குடுத்துட்டான். இன்னும் பணம் கட்டறேன்."

"இதுல ஒண்ணும் கிடைக்காதுங்க" என்றேன்.

"ஒண்ணுமே கிடைக்காதா?"

"ஒண்ணுமே."

யோசித்தான். "அப்ப சரி" என்று சங்கிலியை எடுத்தான்.

ஏப்ரல் 8, ஞாயிறு

இதை எழுதாமல் இருக்க முடியாது. பெட்வொர்த் பகுதியில் ஒருவரைத் தேடிப் போனால், மனிதர் தன் வீட்டு வாசலிலேயே வறுத்த மீன் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறார். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாராம். என்னைப் பார்த்ததும் ஆண்டவரே அனுப்பினார் என்று கையைத் தூக்கினார். திறந்துவிட்டேன். கூலி எவ்வளவு என்றார். "நமக்குள்ள என்னங்க" என்று வாயைத் திறந்தேன், அக்கா இடுப்பில் கிள்ளினாள்.

"காசு வேண்டாம்னு சொன்னா அது லஞ்சம்டி. அந்தப் பல்லழகன் வக்கீல் மோப்பம் பிடிச்சுருவான்."

முழுக் கூலியும் வாங்கினேன். பிறகு தாளை நீட்டினேன். மனிதர் முறைத்துக்கொண்டே நிரப்பினார். மீன் மட்டும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அது லஞ்சமா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் நமக்குக் கொடுப்பது தப்பில்லை என்று வாயில் மீனோடு தீர்ப்புச் சொன்னாள்.

ஏப்ரல் 11

கடைசித் தாளையும் கொடுத்தாயிற்று. இனி என் கையில் ஒன்றுமில்லை. காலில் கொப்புளம். அக்கா இரண்டு நாளாகப் பேச்சில் "நம்ம தாளு, நம்ம ஆளு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள்.

ஏப்ரல் 20

பிழைத்தது! பிழைத்தது! பிழைத்தது!

விசாரணை அறையில் நடுவில் நான், வலப்பக்கம் அக்கா, இடப்பக்கம் டீக்கன். எண்ணிக்கையை வாசித்தபோது முதலில் எனக்குப் புரியவில்லை. அக்காதான் என் முழங்காலை நசுக்கினாள். இரண்டாயிரத்துக்கு மேலே எத்தனை மிச்சம் தெரியுமா? சபையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம், அவ்வளவு பேர்தான். போதும். ஒரு ஆள் மிஞ்சியிருந்தாலும் போதும்.

டெவின் வந்து கை கொடுத்தான். "நல்லா ஓடினீங்க மேடம்."

"நீங்க துரத்தினீங்க, நான் ஓடினேன்" என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல்.

மே 12

நூலகத்துக் கீழ்த்தளத்தில் வேட்பாளர் கூட்டம். வந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் தூங்கினார், ஒருவர் தவறான அறைக்கு வந்துவிட்டுக் கூச்சத்தில் உட்கார்ந்திருந்தார். டெவின் திரையில் படங்கள் போட்டுப் பேசினான். வட்டமாக ஒரு படம், ஏணி மாதிரி ஒரு படம். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "இதுக்குச் சம்பளம் உண்டா?"

"இல்லை" என்றோம் இரண்டு பேரும்.

"ஆபீஸ்?"

"நாமளே வாடகை குடுத்தா உண்டு" என்றேன்.

"காங்கிரசுல ஓட்டு?"

"இல்லை."

"அப்புறம் எதுக்குங்க ரெண்டு பேர் அடிச்சுக்கறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். தூங்கியவரும் எழுந்துவிட்டார். டெவின் காகிதத்தைத் தேடினான். நான் எழுந்து நின்றேன்.

"அம்மா, நான் ஒரு வேலைக்குப் போனா, கதவுக்கு உள்ளே இருக்கிறவங்களுக்கு அவசரமே இருக்காது. வெளியே நிக்கிறவங்களுக்குத்தான் அவசரம். இந்த ஊர்ல லட்சக்கணக்கான பேர் வெளியே நிக்கிறோம். அதுல பாதிப் பேருக்கு வெளியே நிக்கிறோம்கிறதே மறந்து போச்சு. மறக்காத ஒரு ஆள் வேணும். காசு குடுத்தாலும் குடுக்காட்டியும் தட்டற ஆள்."

கைதட்டினார்கள். ஏழு பேர்தான், ஆனால் என் காதுக்கு எழுநூறு. தவறான அறைக்கு வந்தவர் போகும்போது என் அட்டையை வாங்கிக்கொண்டு போனார்!

ஜூன் 3

வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. மேயர், கவுன்சில் என்று பெரிய பெரிய பதவிகளுக்குக் கீழே, அடியில் போய் நான். டாக்கெட், வெர்னெல். சமையலறையில் நின்றபடியே வாய்விட்டுப் படித்தேன். பிறகு நனையாத இடத்தில் வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஜூன் 18

தோற்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பூட்டு இருக்கிறது, சாவி இருக்கிறது, வயிற்றுக்குச் சோறு இருக்கிறது. ஆனால் அந்தக் கையெழுத்துக்காரர்களின் முகத்தில் எப்படி முழிப்பேன்? செல்லாத கையெழுத்துப் போட்டவர்கள்தான் ரொம்ப ஆவலாகக் கேட்கிறார்கள். நாள் தவறாமல் ஃபோன். "என்னம்மா, ஜெயிச்சிருவோம்ல?" என்கிறாள் ஜோன்சி, மேரிலாந்தில் உட்கார்ந்துகொண்டு. இவர்களுக்காகவாவது ஜெயிக்க வேண்டும். பயமாக இருக்கிறது.

ஜூன் 19, செவ்வாய்

முதற்கட்டத் தேர்தல். அனல் பறக்கிற வெயில். நான் நாலு வாக்குச்சாவடிகளுக்கு ஓடினேன். எங்கள் வட்டாரச் சாவடியை அக்காவிடம் விட்டேன். சாவடியிலிருந்து தள்ளி, நிற்க அனுமதித்த இடத்தில், காலை கதவு திறந்ததிலிருந்து சாத்தும் வரை நின்றிருக்கிறாள். தலையில் சபைக்குப் போடுகிற மஞ்சள் தொப்பி, கையில் என் அட்டைகள்.

மத்தியானம் அங்கே போனபோது ஒரு இளைஞன் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான்: "நீங்க ஓட்டுப் போட்டாச்சா மேடம்?"

"எனக்கு இங்க ஓட்டு இல்லை தம்பி."

"அப்புறம் எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க?"

"உனக்கு இருக்குல்ல? அதைப் பத்தி மட்டும் பேசு. கடைசிப் பக்கம், அடியில பாரு. மேலேயே பாத்துட்டு வந்துடாதே."

தூரத்தில் நின்று கேட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயிலுக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம்.

ஜூன் 20

முன்னால் இருக்கிறேன். இன்னும் தபால் ஓட்டு எண்ணவேண்டுமாம்.

ஜூன் 23

ஜெயிச்சாச்சு!!

அக்கா ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடி வந்தாள், இரண்டு பக்கமும் பார்க்காமல். ஒரு பஸ்காரர் பிரேக் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் திட்டினார். "என் தங்கச்சி ஜெயிச்சுட்டாய்யா!" என்று அவரிடமே கத்தினாள். அவர் என்ன செய்வார், ஹாரன் அடித்துவிட்டுப் போனார். மாலையில் டீக்கன் வந்தார், ஜோன்சி வந்தாள், ஒன்பதாவது வார்டே வந்துவிட்டது. என் முற்றத்தில் எங்கள் ஊருக்கே உரிய கோ-கோ பாட்டுப் போட்டு, எழுபது வயதுக்காரர்கள் ஆடிய ஆட்டத்தில் அடுத்த வீட்டு வேலி சாய்ந்தது. நாளைக்கு நான்தான் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்துகிறேன், என்ன இப்போது!

ஜூலை 30

டெவின் ஃபோன் பண்ணினான். வீட்டைக் காலி செய்கிறானாம், பூட்டு மாற்ற வேண்டுமாம். எங்கே போகிறாய் என்று கேட்டேன். கல்யாணமாம், வர்ஜீனியா மாநிலத்துக்குக் குடிபோகிறானாம். "அங்க ஓட்டு இருக்குல்ல" என்றேன். அவன் ஃபோனிலேயே சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தேன். முழுக் கூலி. இனிப் பழைய முகவரியில் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 6

பொதுத் தேர்தலிலும் நானே. இந்த ஊரில் எங்கள் கட்சிக்கு அது பெரிய ஆச்சரியமில்லை. ஆனாலும் அட்டையில் "தேர்ந்தெடுக்கப்பட்ட" என்று சேர்த்து அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 2

பதவி ஏற்றேன். கையைத் தூக்கி, வேதாகமத்தில் கை வைத்து. இன்று நான் அழவில்லை, டீக்கன்தான் அழுதார்.

ஜனவரி 15, செவ்வாய்

காலையில் இரண்டு வேலைகளை முடித்துவிட்டு, நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு அக்காவோடு காங்கிரஸ் கூடும் கேப்பிடல் கட்டடத்துக்குப் போனேன். பிரதிநிதிகள் சபையின் பார்வையாளர் மாடத்தில் உட்கார அனுமதிச் சீட்டு வேண்டும். நான் யாரிடம் கேட்பது என்று போன வாரம் யோசித்துக்கொண்டிருந்தபோதே அக்கா இரண்டு சீட்டுகளை மேசைமேல் வைத்தாள்.

"எங்க மேரிலாந்துப் பிரதிநிதி ஆபீசுக்கு ஃபோன் பண்ணினேன். இத்தனை வருஷத்துல முதல் தடவை. ஒரு பொண்ணு எடுத்து, என்ன வேணும்னு கேட்டுச்சு. என் தங்கச்சியும் பிரதிநிதிதான், அவளுக்கு உள்ள போக வழி இல்லை, ரெண்டு சீட்டு வேணும்னு சொன்னேன். பிரதிநிதியான்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் அந்தப் பொண்ணு சீட்டை அனுப்புச்சு."

வாக்காளரை வைத்துப் பிரதிநிதி உள்ளே போன கதை எங்கள் ஊரில்தான் நடக்கும். கோபம் வரவேண்டிய இடம் இது. எனக்கோ சந்தோஷம்தான் பொங்கியது. படியேறும்போது வழியில் நின்ற எல்லாக் கதவுகளின் பூட்டுகளையும் பார்த்துக்கொண்டே போனேன். பித்தளை, பழையவை, நல்ல வேலைப்பாடு.

மாடத்தில் கைதட்டக் கூடாது, எழுதக் கூடாது, சத்தம் கூடாது. எனக்கு அது பெரிய தண்டனை. கீழே ஏதோ ஓர் ஊர்த் தபால் நிலையத்துக்கு ஒருவர் பெயரை வைக்கும் தீர்மானம். அதற்கும் ஓட்டு. எதிர்ச்சுவரில் பெயர்கள் வரிசையாக ஒளிர்ந்தன, பக்கத்தில் பச்சையோ சிவப்போ. நான் அகரவரிசையில் என் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே வேறு இரண்டு பேர் நெருக்கமாக இருந்தார்கள், நடுவில் இடமே இல்லை. ஒரு தபால் ஆபீஸ் பேருக்குக்கூடவா நான் ஆகாதவள்?

அக்கா என் காதருகே குனிந்தாள். எப்போதும் ஊரைக் கூட்டுகிற குரலை எங்கேயோ வைத்துவிட்டு வந்தவள் போலப் பேசினாள்.

"நீயா இருந்தா என்ன போடுவே?"

"ஆமான்னுதான். பாவம், தபால் ஆபீஸ்தானே."

"சரி" என்றாள். கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்து, ஒரு விரலை மடக்கினாள். "ஆமான்னு ஒண்ணு. நான் எண்ணிட்டேன்."